யார் பாவம்?

ஒரு ஊரிலே ஒரு ஊராம். அந்த ஊருக்கு முன்னாலே கடலாம், பின்னாலே உடைமுள் காடாம், காட்டுக்கும் கடலுக்கும் நடுவிலே வெள்ளையடித்த கோயிலாம். கேட்கிறவர் தூங்கிப்போனால் சொல்கிறவன் கரையேற முடியாது, சொல்கிறவன் பொய் சொன்னால் கேட்கிறவர் வீட்டு உலையில் சோறு வேகாது. ஆகையால் இரண்டு பேரும் விழித்திருப்போம். அந்த ஊருக்கு இராயப்பர்துறை என்று பேர். ஆண்டவரை எனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டு, சேவல் கூவினதும் வெளியே போய் மனங்கசந்து அழுதாரே, ஆண்டவரின் சீடர், அதே இராயப்பர்தான் அங்கே பாதுகாவலர். பீடத்தில் சாவியும் கையுமாக, தோளில் வலையோடு நிற்கிறார், காலடியில் அந்தச் சேவலும் நிற்கிறது. சாவிக்கு மாலை போடுவார்கள், வலைக்கு மாலை போடுவார்கள், சேவலுக்கு மட்டும் யாரும் ஒரு மெழுகுதிரிகூட ஏற்றினதில்லை.

அந்த ஊரில் ஒரு தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசையில், ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் நிறைந்து, கைக்குழந்தைக்காரிகள் மட்டும் வாசலோரம் ஒதுங்கி நிற்க, பங்குச் சாமியார் ஹிலாரி பாவமன்னிப்பு மன்றாட்டைத் தொடங்கி வைக்க, சனமெல்லாம் வழக்கம்போல் பாதி மனசு பீடத்திலும் பாதி மனசு அடுப்பிலுமாக, "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று மார்பில் தட்டிக்கொண்டபோது, உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

அவ்வளவுதான். இடி இல்லை, மின்னல் இல்லை, சுரூபத்தின் கண்ணில் நீர் இல்லை. நெஞ்சு துடித்தால் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஓடினாலும் துடிக்கும், பயந்தாலும் துடிக்கும். இது அது இல்லை. இது விரலை மடக்கி, முட்டியால் மரக்கதவில் தட்டுகிற தட்டு. உபதேசியார் பக்கத்து ஆளைப் பார்த்தார், பக்கத்து ஆள் அவனுக்குப் பக்கத்து ஆளைப் பார்த்தான். இராயப்பர்துறையில் எந்தச் சத்தம் கேட்டாலும் அடுத்த வீட்டிலிருந்து வருகிறதென்றுதான் முதலில் நினைப்பார்கள்.

பெண்கள் பக்கத்தில் எமரென்சி தன் நாத்தனார் சலேத்தின் விலாவில் இடித்து, "ஏளா, ஒனக்கும் கேக்குதா?" என்றாள்.

"கேக்குது மைனி. உங்களுக்குள்ள தட்டுறதுதான் கேக்குது."

பூசை முடிந்து கொடிமரத்தடியில் கூடிப் பேசினார்கள். வாசலில் நின்று கதவைத் தட்டுகிறேன் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே, அவர்தான் வந்திருக்கிறார் என்றார் உபதேசியார். வலைக்காரர் ஒருவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "ஓய், ஆண்டவர் வெளிய நின்னுல்லா தட்டுவாரு? இது உள்ள கெடந்துல்லா தட்டுது. நீரு உள்ள யாரைப் பிடிச்சுப் பூட்டி வச்சிருக்கீரு?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு அவரவர் மார்பில் கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்தார்கள்.

தட்டல் நிற்கவில்லை. உண்ணும்போதும் தட்டியது, வலை பின்னும்போதும் தட்டியது, சண்டை போடும்போது சண்டைக்குத் தாளம் மாதிரி தட்டியது. டவுனுக்குப் போய் டாக்டரிடம் காட்டினவனின் மார்பில் அவர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, தன்னையறியாமல் "யாரு?" என்று கேட்டார்; பிறகு வெட்கப்பட்டு வாயுவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொருவர் தட்டும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. சிலருக்குக் கதவை உடைக்கிற மாதிரி, சிலருக்குக் கடன் கேட்க வந்தவன் தயங்கித் தட்டுகிற மாதிரி. குழந்தைகளுக்கு, சிட்டுக்குருவி கண்ணாடியைக் கொத்துகிற மாதிரி. அப்படிக் குருவி கொத்தின ஒரு சின்னப்பிள்ளைதான், கோயிலோரத்துக் கல்குகைக் கெபியில் நேர்ச்சைக்கு வைத்திருந்த சீனி மிட்டாயைத் தின்றது நான்தான் என்று அம்மாவிடம் ஒருநாள் அழுதுகொண்டே சொல்லிற்று. சொன்னதும் குருவி பறந்துவிட்டது.

மருந்து இன்னதென்று தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு ஊர் பட்ட பாட்டைக் கேளுங்கள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசை கொடிமரத்தைச் சுற்றி, கெபியைச் சுற்றி, ஐஸ் கம்பெனி வாசல்வரை போயிற்று. ஹிலாரி சாமியாருக்கோ தம்முடைய மார்பு தட்டுகிற சத்தத்தில் அடுத்தவர் பாவம் காதில் விழவில்லை. அவர் ஒருநாள் பஸ் ஏறி, முன்பு தாம் இருந்த பங்குக்குப் போய், அங்கே யாரிடம் என்ன சொன்னாரோ, முகம் வீங்கத் திரும்பி வந்து, அமைதியாகத் தொட்டியில் உட்கார்ந்தார். ஆனால் தொட்டியில் சொன்னால் எல்லாம் நின்றுவிடுகிறதில்லை என்பதும் சீக்கிரமே தெரிந்தது. கடவுளுக்கும் தனக்கும் நடுவிலே உள்ளது தொட்டியிலேயே நின்றது. மனுசனுக்குச் செய்தது அந்த மனுசன் காதில் விழும்வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தது. ஆகவே தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டினவள் மீன் வாங்கினவள் வீட்டு வாசலில் போய் நின்றாள். அண்ணன் வலையை அறுத்துவிட்டு நண்டு அறுத்தது என்று சொன்ன தம்பி, அண்ணன் சாப்பிட்டு முடிக்கிறவரை காத்திருந்து சொன்னான். புருசனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லாமல், ஆனால் நன்றாகத் தூங்கினார்கள்.

மனுசன் சும்மா இருப்பானா? தன் பாவத்தைச் சொல்ல வாய் வராதவர்கள் அடுத்தவன் பாவத்தைச் சொல்லிப் பார்த்தார்கள். தட்டல் இரண்டு மடங்காயிற்று. சின்னதைச் சொல்லிப் பெரியதை மறைத்துப் பார்த்தார்கள். ஒரு வேளை சோற்றுக்கு ஓய்ந்திருந்துவிட்டு, கை கழுவினதும் தட்டியது. மார்பில் துண்டை இறுக்கிக் கட்டினார்கள். மைக்செட்டு வைத்துப் பகலெல்லாம் பாட்டுப் போட்டார்கள். தட்டல் நின்றுபோனவர்கள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டுப் பாருங்கள் என்று கடற்கரையில் மேலும் கீழும் நடந்தார்கள். அடுத்த ஞாயிறு அவர்களுக்கு அந்த நடைக்காகவே புதிதாய்த் தட்ட ஆரம்பித்தது.

ஊர்க் கமிட்டித் தலைவர் இஞ்ஞாசி, பெரிய வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மன்றாட்டைச் சொல்வோம்; ஆனால் மார்பில் தட்டுவதற்குப் பதிலாக முன்னால் இருக்கிற பெஞ்சில் தட்டுவோம்.

"பெஞ்சு என்னய்யா பாவம் பண்ணிச்சு?" என்றார் ஹிலாரி சாமியார்.

ஆனாலும் அந்த வாரம் பெஞ்சில்தான் தட்டினார்கள். உள்ளே இருக்கிறவரை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவர் பாட்டுக்குத் தட்டினார்.

இந்த இடத்தில் கஸ்பாரைப் பற்றிச் சொல்லவேண்டும். கஸ்பார் சலேத்தின் புருசன். போன கச்சான் காற்றுக் காலத்தில் தன் சின்ன வள்ளத்தில் தனியாகக் கடலுக்குப் போனவன், எஞ்சின் நின்று, பாறைப் பக்கமாகக் காற்று இழுத்துக்கொண்டு போக, துடுப்பு முனையில் சட்டையைக் கட்டித் தூக்கி வீசினான். கடலில் துணி வீசினால் எதிரியாக இருந்தாலும் போக வேண்டும். அது கல்லில் எழுதாத சட்டம். கண்ணுக்கெட்டும் தூரத்தில் இஞ்ஞாசியின் பெரிய வள்ளம் நின்றது. அதில் இஞ்ஞாசி இருந்தார், சலேத்தின் உடன்பிறந்த அண்ணன் தொபியாஸ் இருந்தான், கூலிக்குப் போன இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் வலையில் அந்த வருசம் யாரும் கண்டிராத சாளை மீன் படை விழுந்து வெள்ளியாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. வலையை இழுத்து வாங்கிவிட்டுப் போவோம் என்றார்கள். வலையை வாங்கிவிட்டுப் பார்த்தபோது துணி இல்லை, துடுப்பு இல்லை, வள்ளம் இல்லை. தண்ணீர்தான் ஒன்றும் தெரியாதது போல மினுங்கிக்கொண்டிருந்தது. கரைக்கு வந்து, நாங்கள் பார்க்கவில்லை என்றார்கள். பார்க்கவில்லை என்பது தனியாக நிற்க மாட்டாமல் தள்ளாடினதால், போகும்போதே குடித்திருந்தான் என்று ஒரு முட்டுக்கம்பும் கொடுத்தார்கள்.

கடல் திருப்பித் தராத உடலுக்கு இராயப்பர்துறைக் கல்லறைத் தோட்டத்தில் வெறுங்குழி வெட்டுவார்கள். செத்தவனின் பூசை உடுப்பை அதில் வைப்பார்கள். கடலில் அவனைக் கடைசியாகக் கண்ணால் கண்டவன் யாரோ, அவன்தான் முதல் பிடி மண் போடவேண்டும். அவன் போடாமல் மற்றவர் போட்டால் அது குழியை மூடியதாகுமே ஒழிய, அடக்கம் ஆகாது. கஸ்பாரைக் கண்டவர் யாரும் இல்லை என்று ஆனதால் சலேத்தின் புருசனுக்குக் குழியும் இல்லை, சிலுவையும் இல்லை. அவள் கருவாட்டுக் கூடையோடு தெருவில் போனால், "ச்சு, பாவம்" என்பார்கள். குடிகாரன் பெண்டாட்டியாகப் போய்விட்டாளே, பாவம். தலையில் தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழிக்கக்கூட நாள் குறிக்க முடியவில்லையே, பாவம். அவள் பேரே பாவம் என்று ஆகிவிட்டது.

சலேத்துக்கு உள்ளே தட்டினது சின்ன விஷயம்; எமரென்சியிடம் இரவல் வாங்கின அம்மிக்குழவியை உடைத்துவிட்டு ஒட்டிவைத்தது. அதைச் சொன்னதும் அவளுக்கு நின்றுவிட்டது. தன்னுடையது நின்ற பிறகுதான் அவளால் அடுத்தவர் தட்டைக் காது கொடுத்துக் கேட்க முடிந்தது. ஒருநாள் காலை, வெயில் ஏறின நேரம், கரையில் வலையை விரித்துப்போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த பெரிய வள்ளத்து ஆட்களைத் தாண்டிக் கூடையோடு போனவள், நின்றாள். போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் நின்றாள். அந்த நாலு மார்பிலும் ஒரே தட்டு. அடுத்தடுத்து இரண்டு, ஒரு யோசனை, பிறகு ஒன்று.

கடலிலிருந்து வந்து கஸ்பார் வீட்டுக் கதவைத் தட்டுகிற தட்டு அது. இரண்டு தட்டிவிட்டு, தூங்குகிறவளை எழுப்புகிறோமே என்று கூச்சப்பட்டு நிற்பான். நின்று பார்த்துவிட்டு, வேறு வழியில்லை என்று இன்னொன்று தட்டுவான். பாறையில் மோதப்போகிற வள்ளத்தில் நின்றுகொண்டு துணை கேட்டு மரத்தில் தட்டியிருந்தால்கூட, வலை வாங்குகிறவர்களைத் தொந்தரவு செய்கிறோமே என்று இடையில் கூச்சப்பட்டு நின்றிருப்பான். அவன் அப்படித்தான்.

சலேத் கூடையை மணலில் இறக்கினாள். நேராக அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, கொஞ்சம் அசையாம நில்லுங்க."

"என்னளா இது, ஊரு பாக்குது," என்று தொபியாஸ் பின்னால் நகர்ந்தான். அவள் விடவில்லை, காதை அவன் மார்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் வலைக் கண்ணை எண்ணுகிறவர்கள் போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இது யாரு தட்டு, தெரியுதா உங்களுக்கு?"

"வாயுவு. மாத்திரை தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"உங்க வாயுவுக்கு எங்க வீட்டுக் கதவைத் தட்டத் தெரியுதே, அண்ணே."

தொபியாஸ் பதில் சொல்ல வாய் திறந்தபோது இஞ்ஞாசி இருமினார். சலேத் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் அன்றிலிருந்து, எங்கே போனாலும் கரை வழியாகத்தான் போனாள், எங்கே நின்றாலும் அந்த நாலு பேர் பக்கத்தில்தான் நின்றாள். கேள்வி கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். புருசன் உள்ளே நின்று தட்டுகிறான், கதவைத் திறக்க வேண்டியவன் திறக்க மாட்டேன் என்கிறான். அவளால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, கருவாட்டுக்கு உப்புப் போட்டோமா போடவில்லையா என்பது நினைவில் நிற்கவில்லை. தொபியாசுக்கும் அப்படியே. அவன் வீட்டில் சோற்றுத் தட்டு அதிர்ந்தது. பெண்டாட்டி எமரென்சி, "மச்சான், ஒண்ணு நீங்க சொல்லிப்போடணும், இல்ல தின்னுக்கிட்டாவது இருக்கணும், ரெண்டுங்கெட்டானா இப்படி உக்காந்திருந்தா நான் என்னத்துக்கு ஆவேன்?" என்று கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள்.

அதற்குள் இன்னொன்று நடந்தது. வள்ளத்தில் உட்கார்ந்தால் மார்பின் தட்டு வள்ளத்து அடிப்பலகையில் இறங்கி, பலகையிலிருந்து தண்ணீரில் இறங்கி, கடலுக்குள்ளே முரசு அறைகிற மாதிரி பரவ, மீன்கள் ஒதுங்கிப் போக ஆரம்பித்தன. சின்னத் தட்டுக்காரர்களுக்குச் சின்ன நஷ்டம். இஞ்ஞாசியின் வள்ளம் போன திசையில் நெத்திலிகூட நிற்கவில்லை. ஐஸ் கம்பெனியில் ஐஸ் சும்மா கரைந்து தெருவில் ஓடியது. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள மீன் இல்லாத நாள் வந்ததும் ஊருக்குக் கோபம் வந்தது. பாவத்தின்மேல் அல்ல, மன்றாட்டின்மேல்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் கொடிமரத்தடியில் கூட்டம். இஞ்ஞாசி துண்டை மார்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து, இந்த மன்றாட்டைச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் இந்தத் துன்பம், ஆகவே பாஸ்குத் திருநாள் முடியும்வரை இதை நிறுத்தி வைக்கும்படி சாமியாரைக் கேட்டுக்கொள்கிறோம் என்று பேசினார். இந்த மன்றாட்டை இவர்கள் பாட்டனார் காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். அதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. பசித்தவர்கள் தலையாட்டினார்கள். சாமியார் வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியில் கேட்டதைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு வரவேண்டியவர் அவர்.

அப்போது தொபியாஸ் எழுந்தான். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அவன் முகம் உப்பு பூத்த மாதிரி வெளுத்திருந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

"கஸ்பார்..." என்றான். "கஸ்பாரு... பாவம்."

அவன் சொல்ல வந்தது வேறு. கஸ்பாருக்கு நான் செய்த பாவம் என்று சொல்லத்தான் எழுந்தான். நடுவிலே உள்ள சொற்கள் தொண்டையில் தங்கிவிட, முதலும் கடைசியும் மட்டும் வெளியே வந்தன. ஊரோ தன் காதுக்குப் பழக்கமானதைக் கேட்டுக்கொண்டது. "ஆமா, பாவம்," என்றது ஊர். "நல்ல மனுசன், பாவம்." பெண்கள் பக்கத்திலிருந்து ச்சு ச்சு என்று உச்சுக்கொட்டல் கிளம்பிற்று. "மச்சான்மேல எவ்வளவு பாசம் பாத்தியா, பாவம், இன்னும் மறக்க முடியல," என்று யாரோ தொபியாசின் முதுகைத் தடவி, நாற்காலியை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். அவனுக்குச் சொல்லிவிட்டது போலவும் இருந்தது, சொல்லாதது போலவும் இருந்தது. அந்த ஒரு சொல்லின் நிழலில் ஆயுசு முழுக்க உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் உள்ளேயிருந்த தட்டு சட்டைப் பொத்தானைத் தெறிக்க வைத்தது. பொத்தான் உருண்டு போய்ப் பெண்கள் பக்கத்தில் சலேத்தின் காலடியில் விழுந்தது.

சலேத் எழுந்தாள்.

"யாரு பாவம்ணே?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "இது என்ன கேள்வி மக்கா?" என்றார் உபதேசியார். "கஸ்பார்தான் பாவம். நீயும் பாவம்."

"அவரு பாவம்னு எனக்குத் தெரியும். நான் பாவம்னு நீங்க தெனமும் சொல்லித்தாறீங்க. இப்பம் அண்ணன் வாயில இருந்து வந்துச்சே ஒரு பாவம், அது யாரோடதுன்னு கேக்கேன்." அவள் குரல் உயரவில்லை. "சொல்லுங்கண்ணே. யாரு பாவம்?"

உச்சுக்கொட்டல் நின்றது. கோயில் முன்னால் அத்தனை மார்பும் தட்டுகிற சத்தம், முதல் மழை தகரக் கூரையில் விழுகிற மாதிரி கேட்டது. தொபியாஸ் மறுபடி எழுந்தான். இந்தத் தடவை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"எம் பாவம்," என்றான். "நான் பாத்தேன், சலேத்து. துணி வீசுனான். நீலச் சட்டை. நான் அந்தப் பக்கம் பாத்து நின்னேன், மத்தவங்க வலையைப் பாத்து நின்னாங்க. எங் கண்ணும் அவங் கண்ணும் பாத்துக்கிட்ட மாதிரிகூட இருந்துச்சு. பாத்துட்டு நான் வலைக்குத் திரும்பிட்டேன். திரும்பிப் பாக்கும்போது இல்ல. அவன் குடிக்கல, தங்கச்சி. அன்னைக்குக் காப்பிகூடக் குடிச்சானோ என்னவோ. குடிச்சிருந்தான்னு நானும்தான் சொன்னேன்."

யாரும் ச்சு என்று சொல்லவில்லை. சலேத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் நின்றாள். அடிக்கப்போகிறாள் என்று எமரென்சி குறுக்கே வந்தாள். சலேத் அடிக்கவில்லை, காதை அவன் மார்பில் வைத்தாள். அங்கே இருதயம் மட்டும், எல்லாருக்கும் துடிக்கிற மாதிரி துடித்துக்கொண்டிருந்தது.

"போயிட்டாரு," என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். கூலிக்காரர்கள் இரண்டு பேரும், நாங்களும் கண்டோம் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்ல, அவர்கள் மார்பிலும் ஓய்ந்தது. ஊர் இஞ்ஞாசியைப் பார்க்காமல் பார்த்தது. இஞ்ஞாசி துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, தலைவர் குரலில், "சரி, நின்னுக்கிட்டு இருந்தா எப்படி? குழிக்கு ஆள் அனுப்புங்க," என்றார். தொபியாஸ் அவர் பெயரைச் சொல்லவில்லை. அடுத்தவன் பாவத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும்.

அன்று சாயங்காலமே கஸ்பாருக்கு அடக்கம். வெள்ளைச் சட்டையையும் மடித்த வேட்டியையும் குழியில் வைத்தார்கள். மணி அடித்தது. தொபியாஸ் குனியாமல் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, சலேத் குனிந்து அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, "போடுங்கண்ணே," என்றாள். அவன் போட்டான். பிறகு ஊர் போட்டது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். எமரென்சி சலேத்தை வீட்டுக்குக் கூப்பிட்டாள். நீங்க போங்க மைனி, வாரேன் என்றாள். ஒருவர் ஒருவராக, செருப்பில் ஒட்டின மண்ணோடு, பாதிப் பேர் மார்பு தட்டிக்கொண்டும் பாதிப் பேர் ஓய்ந்தும், வாசல் வழியாகக் கலைந்து போனார்கள்.

இஞ்ஞாசி போகவில்லை. குழியின் அந்தப் பக்கத்தில் நின்றார். இரண்டு, யோசனை, ஒன்று.

"அவனுக சொல்லிட்டானுவ, மக்கா," என்றார்.

"ஆமா, மாமா."

"அவனுகளுக்கு நின்னுட்டு. இப்பம் ஊரு ஒலகத்துல இந்தத் தட்டு எங்கிட்ட மட்டும்தான் இருக்கு." துண்டை அவிழ்த்தார். சத்தம் தெளிவாக வந்தது. "நான் வாயைத் தொறந்து சொன்னா இதுவும் போயிரும். அப்புறம் ஒனக்கு என்ன இருக்கு, சொல்லு? ஒரு போட்டோகூட ஒழுங்கா எடுத்து வைக்கல அவன். நான் சொல்லாம இருந்தா, நீ எப்பம் வேணும்னாலும் எங்க வீட்டுக்கு வரலாம். வாசல்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கலாம். எனக்குத் தூக்கம் போனாப் போவுது. ஒனக்காகத்தான் சொல்லுதேன்."

பொய்யில் கெட்டியான பொய் எதுவென்றால், சொல்கிறவனும் பாதி நம்புகிற பொய். இஞ்ஞாசியின் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. சலேத் அவரிடம் போனாள். போகவேண்டாம் என்று கால் சொல்லிற்று, காது கேட்கவில்லை. மார்பில் காதை வைத்தாள். இரண்டு தட்டினான்; கூச்சப்பட்டு நின்றான்; ஒன்று தட்டினான். எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தூக்கினால் ஈர வலை வாசத்தோடு அங்கே நிற்பான் என்பது மாதிரி அவ்வளவு பக்கத்தில் தட்டினான். இந்த மனுசர் தூங்கட்டும், தூங்காமல் போகட்டும், செத்து நியாயத்தீர்வையில் போய்ப் பதில் சொல்லட்டும். எனக்கு இது போதும், தினமும் இது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றிய அந்த நொடியில், ஓய்ந்து கிடந்த தன் மார்புக்குள்ளே யாரோ நடந்து வருகிற காலடி கேட்டது. கதவண்டை வந்து, விரலை மடக்கி, கையை ஓங்குகிற அசைவு தெரிந்தது.

சலேத் தலையை எடுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க, மாமா."

"நல்லா யோசிச்சுக்க. திரும்ப வராது."

"சொல்லுங்க."

இஞ்ஞாசி குழியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தொபியாஸ் கத்துனான். மாமா, கஸ்பாரு துணி வீசுதான், போவோம்னு கத்துனான். நான்தான், வலையை வாங்குங்கலேன்னேன். போனா மீனு போயிரும்னேன். அவன் என்ன பச்சப்பிள்ளையா, கெடப்பான்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன், மக்கா. கரைக்கு வந்து, குடிச்சிருந்தான்னு மொதல்ல சொன்னதும் நான்தான். என் பாவம்."

அவர் பேசி முடிக்கிறவரை உள்ளே தட்டிக்கொண்டுதான் இருந்தது. முடித்த பிறகு இரண்டு தட்டியது. வழக்கம்போல் யோசித்தது. அந்த ஒன்று வரவில்லை.

இஞ்ஞாசி குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார். தலைச்சுமையை இறக்கினவன் கொஞ்ச தூரம் தள்ளாடி நடப்பானே, அப்படிக் கல்லறைகளுக்கு நடுவே தள்ளாடி நடந்து, வாசலைத் தாண்டி மறைந்தார்.

சலேத் புதுமண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஒன்றுக்காகக் காத்திருந்தாள். கடல் இரைந்தது. உடைமுள் காட்டில் காற்று புகுந்து வெளியே வந்தது. தன் மார்பில் கையை வைத்துப் பார்த்தாள். ஓங்கின கை இறங்கியிருந்தது. பிறகு எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.